விழித்திருக்க ஒரு மாத்திரை



சோதனைக் காலம் நெருங்கிவிட்டால் மாணவர் விடுதிகளில் விளக்குகள் அணைவதில்லை. இரண்டு குவளை கோப்பி ஓ குடித்துவிட்டுப் புத்தகத்தின் முன் அமர்வோர் பலர். சிலர் அத்தோடு நிற்பதில்லை. அறைத் தோழன் கொடுத்தான் என்பதற்காக, மருத்துவரைக் கேளாமலே ஒரு மாத்திரையையும் விழுங்கி வைக்கின்றனர். இப்பழக்கம் நேற்று முளைத்ததன்று. அது பிறந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கதையின் வேர் சீன வைத்தியத்தில் இருக்கிறது. மூச்சிரைப்புக்குச் சீனர் நெடுங்காலமாகக் காய்ச்சிக் குடித்துவந்த மூலிகை 'மா குவாங்'. அதிலிருந்து எபிட்ரின் என்னும் சத்தை 1885-இல் பிரித்தெடுத்தவர் ஜப்பானிய அறிஞர் நாகாய். 1920-களில் மேல்நாட்டு மருத்துவர்களும் ஆஸ்துமாவுக்கு அதை விரும்பித் தேடினர். ஆனால் மூலிகை தூர தேசத்திலிருந்து வரவேண்டும். ஆய்வுக்கூடத்திலேயே செய்யத்தக்க ஒரு மாற்று கிடைக்காதா என்று தேடியவர்களுள் ஒருவர், லாஸ் ஏஞ்சலிஸ் நகர வேதியியலார் கார்டன் ஆலஸ்.

அவர் கையில் அகப்பட்டதுதான் அம்பெட்டமின். அது முற்றிலும் புதிய பொருள் என்று சொல்ல முடியாது. 1887-ஆம் ஆண்டிலேயே எடெலியானு என்பவர் பெர்லினில் அதைச் செய்திருந்தார். ஆயினும் அது எதற்கு உதவும் என்று எவரும் ஆராயவில்லை. ஆலஸ் 1929-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் அதில் 50 மில்லிகிராமைத் தம் உடலிலேயே ஊசி வழியாக ஏற்றிக்கொண்டார். மருத்துவர் ஒருவர் உடன் இருந்தார். இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது, நாடி எண்ணப்பட்டது. மூக்கடைப்பு நீங்கியது, நெஞ்சு படபடத்தது, இனம்புரியாத ஓர் உற்சாகம் தோன்றியது என்றெல்லாம் அவர் குறித்து வைத்தார். அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை, மனம் ஒன்றைவிட்டு ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். இந்தக் குறிப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னர் ஸ்மித், கிளைன் அண்டு பிரெஞ்ச் என்ற மருந்து நிறுவனம் அப்பொருளை 'பென்சிட்ரின்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் மூக்கில் உறிஞ்சும் குழாய்; அடுத்து மாத்திரை. காரணமின்றித் திடீர் திடீரென உறங்கிவிழும் ஒரு நோய் உண்டு. அதற்கு இம்மருந்து நல்ல பயன் தருவதாக 1935-இல் மருத்துவர்கள் அறிவித்தனர். அதுவரையில் குற்றமில்லை.

அடுத்து என்ன நடந்தது? அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையினர் பென்சிட்ரினை மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தனர். சோதனைக்கு உட்பட்ட இளைஞர்கள் ஒன்றைக் கண்டுகொண்டனர்: தூக்கம் ஓடிப்போகிறது! செய்தி விடுதிக்கு விடுதி பரவியது. மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டில்லாமலே வாங்க முடிந்த காலம் அது. 1937-ஆம் ஆண்டுத் தேர்வுகளின்போது மின்னசோட்டா, விஸ்கான்சின், சிகாகோ ஆகிய பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் 'உற்சாக மாத்திரை' உண்கின்றனர் என்றும், சிலர் மயங்கி விழுந்தனர் என்றும் ஏடுகள் எழுதின. பல்கலைக்கழக மருத்துவர்கள் கலங்கினர். மருத்துவச் சங்கத்தின் இதழும் எச்சரித்தது.

அம்மாணவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அறிவியல் சோதனையில் கண்ணெதிரே கண்டதைத்தானே அவர்கள் நம்பினார்கள்? ஆலஸின் பக்கத்தில் அழுத்தமானியோடு ஒரு மருத்துவர் இருந்தார். மாணவனின் பக்கத்தில் மேசை விளக்கு மட்டுமே இருந்தது. வேறுபாடு இவ்வளவுதான், ஆனால் இது சிறிய வேறுபாடன்று.

இம்மருந்து உடலுக்குப் புதுத் தெம்பு எதையும் ஊட்டுவதில்லை. நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் சில இரசாயனங்களை ஒரேயடியாக வெளியே தள்ளுகிறது. களைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை அறிவிக்கும் மணி மட்டும் ஓய்ந்துவிடும். இரத்த அழுத்தம் ஏறும். மருந்தின் வேகம் தணிந்ததும் ஒத்திவைத்த களைப்பு முழுதும் வந்து சேரும், சில வேளைகளில் தேர்வு மண்டபத்திலேயே.

பிற்காலத்தில் குழாயும் தப்பவில்லை. அதை உடைத்து உள்ளிருந்த காகிதத்தைக் கோப்பியில் ஊறவைத்துக் குடித்தோர் உண்டு. தொடக்கக் காலக் குழாய் ஒன்றில் 325 மில்லிகிராம் மருந்து இருந்தது. மாத்திரை ஒன்றில் 10 மில்லிகிராம்! அமெரிக்காவில் அந்தக் குழாய்க்கு மருத்துவர் சீட்டு கட்டாயமானது 1959-இல்தான்.

ஜப்பானின் அனுபவம் இன்னும் கசப்பானது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தம்பெட்டமின் அங்கே 1941 முதல் 'பிலோபோன்' என்ற பெயரில் கடைகளில் விற்கப்பட்டது. உழைப்பை விரும்புதல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. போர் முடிந்ததும் இராணுவக் கிடங்குகளில் இருந்த சரக்கும் வெளியே வந்தது. இரவு கண்விழித்த எழுத்தாளர், மாணவர், தொழிலாளர் எனப் பலரும் அதற்கு ஆளாயினர். 1951-இல் தடைச் சட்டம் வந்தது. ஆயினும் 1954-ஆம் ஆண்டில் மட்டும் 55,000 பேருக்கு மேல் கைதாயினர்.

சரி, மாத்திரை உண்டவர்கள் நன்றாகப் படித்தார்களா? 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயற்ற 46 பேருக்கு அம்பெட்டமின் கலவை ஒருமுறையும் வெறும் மாத்திரை ஒருமுறையும் கொடுத்தனர். எது எப்போது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. நினைவாற்றல் முதலிய பெரும்பாலான சோதனைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. ஆனால் மருந்து உண்டபோது தாங்கள் சிறப்பாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினர். தனக்குத்தானே மருந்து கொடுத்துக்கொள்பவனுக்கு, அது பலித்ததா என்று சொல்ல வேண்டியதும் அவன் மனமே. அந்த மனத்தைத்தான் இம்மருந்து முதலில் தொடுகிறது.

1929-ஆம் ஆண்டு ஜூன் இரவில் ஆலஸ் உறங்காமல் கிடந்தபோது, அவருடைய உற்சாகத்தோடு அவருடைய நாடியும் தாளில் பதிவாகியிருந்தது.