சார்லி சப்ளினும் ஒரு கோப்பைத் தேநீரும்

சார்லி சப்ளினின் இளமைக்கால வறுமையைப் பற்றி நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். அவரது தாயாரின் மனநோயையோ, நான் வாசித்த தமிழ்க் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரு வரியுடன் கடந்து விடுகின்றன. அந்த வரலாறு சற்று விரிவாகவே சொல்லப்பட வேண்டியது என்பது எனது எண்ணம்.

தாயார் ஹன்னா லண்டன் மேடைகளில் பாடியவர். குரல் கெட்டது, குடிக்கு அடிமையான கணவரும் பிரிந்து போனார். 1896இல், சார்லிக்கு 7 வயதானபோது, தாயும் இரு பிள்ளைகளும் ஏழைகள் விடுதியில் தஞ்சம் புகுந்தனர். 1898 செப்டெம்பரில் ஹன்னா கேன் ஹில் மனநோய் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். சில வாரங்களில் தேறி மீண்டார். ஆயினும் நோய் அத்துடன் அகன்றுவிடவில்லை.

1903இல் அண்ணன் சிட்னி கப்பலில் தொழில் பார்த்து வந்த வேளை அது. வீடு திரும்பிய சார்லியிடம், தாய்க்குச் சித்தம் கலங்கிவிட்டதென அயற்சிறுவர்கள் கூறினர். நிலக்கரித் துண்டுகளைப் பரிசுப் பொருளென அவர் வீடு வீடாகக் கொடுத்து வந்தாராம். தாயை நடத்திச் சென்று வைத்தியசாலையில் ஒப்படைத்தவன் அந்த 14 வயதுச் சிறுவனே. பின்னர் பார்க்கச் சென்றபோது, அன்று ஒரு கோப்பைத் தேநீர் தந்திருந்தால் தமக்கு எதுவும் நேர்ந்திராது என்ற பொருளில் தாய் சொன்னார். அச்சொல் தம்மை விடாது வருத்தியதை, 1964இல் வெளியான தமது சுயசரிதையில் சப்ளின் பதிவு செய்துள்ளார்.

தேநீர் கிடைக்காததால் எவருக்கும் சித்தம் கலங்குவதில்லை. ஆனால் பிள்ளை மனம் அதனை அறியாது. பெற்றோரின் நோய்க்குத் தானே காரணம் என்று எண்ணிக் குமைவது, பிறர் அறியாமல் மறைப்பது, சிறுவயதிலேயே பெரியவராகிவிடுவது ஆகிய மூன்றும் இத்தகைய பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவன. தாய் போனபின், அதிகாரிகள் தன்னையும் விடுதிக்கு அனுப்பி விடுவரென அஞ்சிய சார்லி, வீட்டுக்காரியின் கண்ணிலும் படாமல் ஒளிந்து திரிந்தார். சிட்னி திரும்பி வந்த பின்னரே அவருக்கு ஆறுதல் கிடைத்தது.

பரம்பரை நோயல்லவா என்று கேட்போர் நம்மிடையே உளர். 1966இல் ஹெஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் ஆய்வை வெளியிட்டார். மனச்சிதைவுற்ற தாய்மாரிடமிருந்து பிறந்த உடனேயே பிரிக்கப்பட்டு வளர்ந்த 47 பேரில் ஐவருக்கு அந்நோய் கண்டது. ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்ட 50 பேரில் எவருக்கும் காணவில்லை. ஆகவே பரம்பரைக்குப் பங்குண்டு. எனினும் 42 பேருக்கு மனச்சிதைவு வரவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அவர்களுட் சிலருக்கு வேறு உளச் சிக்கல்கள் இருந்தமை உண்மையே. ஆயினும் பரம்பரை ஒரு தீர்ப்பன்று.

ஹன்னா 1905இல் மீண்டும் நோயுற்றார். 1921இல் பிள்ளைகள் அவரைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துப் பராமரித்தனர், 1928இல் காலமானார். 1932இல் சப்ளின் இலங்கைக்கு வந்தபோதும் உடன் வந்தவர் அதே சிட்னியே.

கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமென்று தாயின் நோயை அறைக்குள் பூட்டி வைக்கும் வீடுகள் நமது ஊர்களிலும், நம்மவர் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இன்றுமுள. நோயாளியை வைத்தியரிடம் அழைத்துச் செல்வோரும் வாசலில் நிற்கும் பிள்ளையை மறந்து விடுகின்றனர். "இது உன்னால் வந்ததன்று" என்று அப்பிள்ளையிடம் சொல்ல ஒரு மாமியோ, சித்தப்பாவோ, ஆசிரியரோ முன்வர வேண்டும். அதற்குப் பணமோ பட்டமோ தேவையில்லை.