கையெழுத்து நிஜம், காரியம் பொய்

போலிக் கையெழுத்து என்றால் என்ன என்பது நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் பார்த்துப் போடுவது. கணினி உலகத்தில் இதைவிடத் தந்திரமான மோசடி ஒன்று உண்டு. அதில் கையெழுத்து நிஜம், போட்டவரும் நிஜம். ஆனால் அந்தக் காரியத்தைச் செய்ய அவர் நினைக்கவே இல்லை. 'கிராஸ் சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரி' என்று அதற்குப் பெயர். சுருக்கமாக சிஎஸ்ஆர்எஃப். தமிழில் 'வேற்றுத்தள வேண்டுகோள் மோசடி' என்று சொல்லலாம்.

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். அதிகாரியின் கையெழுத்துக்காக மேசையில் ஒரு கோப்புக் கட்டு இருக்கிறது. அதன் நடுவே யாரோ வெளியாள் ஒரு தாளைச் செருகிவிடுகிறான். அதிகாரி வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறார். பிறகு எந்த நிபுணர் பார்த்தாலும் கையெழுத்து அவருடையதுதான் என்பார்.

இதன் மூலக்கதை இணையதளங்களுக்கு முந்தியது. 1970களில் அமெரிக்காவில் டைம்ஷேர் என்ற நிறுவனம் இருந்தது. பல வாடிக்கையாளர்கள் ஒரே கணினியைப் பங்குபோட்டுப் பயன்படுத்திக் கட்டணம் கட்டுவார்கள். அங்கிருந்த ஒரு நிரலுக்குப் புள்ளிவிவரம் எழுதி வைப்பதற்காக ஒரு தனி அடைவில் எழுதும் உரிமை தரப்பட்டிருந்தது. கட்டணக் கணக்கும் அதே அடைவில்தான் இருந்தது. ஒரு வாடிக்கையாளர், தன் வேலையின் விவரங்களை எழுத வேண்டிய இடமாக அந்தக் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். நிரலுக்கு உரிமை இருந்ததால் அப்படியே எழுதிவிட்டது. கணக்கு அழிந்தது. 1988இல் நார்ம் ஹார்டி என்பவர் இதைக் கட்டுரையாக எழுதி, அந்த நிரலுக்குக் 'குழம்பிய பிரதிநிதி' என்று பெயர் வைத்தார். உனக்கு உரிமை இருக்கிறதா என்று கணினி கேட்டது. யார் சொல்லிச் செய்கிறாய் என்று கேட்கவில்லை.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி 'குக்கி'யை உருவாக்கினார். அதற்கு முன் வலைத்தளத்துக்கு ஞாபகம் கிடையாது. வந்தவரே மறுபடி வந்தாலும் புதியவர்தான். குக்கி என்பது தளம் கொடுக்கும் ஒரு சின்னச் சீட்டு. அந்தத் தளத்துக்குப் போகும்போதெல்லாம் உங்கள் பிரௌசர் அதைத் தானாகவே காட்டும். நல்ல வசதிதான். ஆனால், போகச் சொன்னது நீங்களா, வேறொரு பக்கமா என்று பிரௌசர் பார்க்கவில்லை. வங்கித் தளத்தில் லாகின் செய்திருக்கும்போதே வேறொரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். அதில் ஒளிந்திருக்கும் கட்டளை உங்கள் பிரௌசரை வங்கிக்கு அனுப்புகிறது. சீட்டும் கூடவே போகிறது. பாஸ்வேர்டு திருடு போகவில்லை. அது தேவைப்படவும் இல்லை.

2001 ஜூனில் பீட்டர் வாட்கின்ஸ் என்பவர் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜெல்லர், ஃபெல்டன் இருவரும், அமெரிக்காவின் ஐஎன்ஜி டைரக்ட் வங்கித் தளத்தில் இந்த வழியாக வாடிக்கையாளர் பணத்தையே வேறு கணக்குக்கு மாற்ற முடியும் என்று காட்டினார்கள். வங்கி ஓட்டையை அடைத்தது.

மருந்து எளியதுதான். தளம் தன் ஒவ்வொரு படிவத்திலும் யாரும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை வைத்து அனுப்பும். திரும்பி வரும் படிவத்தில் அந்த எண் இருந்தால்தான் வேலை நடக்கும். வெளியாள் தயாரிக்கும் படிவத்தில் அது இருக்காது. இதை 'டோக்கன்' என்கிறார்கள். நான் படித்த பிரெஞ்சு மொழியில் 'ஜெத்தோன்'. அந்தக் காலத்தில் பிரான்சின் காபிக்கடைத் தொலைபேசியில் போட்ட வில்லைக்கும் அதே பெயர்தான்.

மருந்து தெரிந்தும் நோய் ஏன் போகவில்லை? இங்கேதான் பிளகின்கள் வருகின்றன. 2003இல் பிறந்த வேர்ட்பிரஸ் மென்பொருளில் 2004 முதல் பிளகின் எனும் கூடுதல் துண்டுகளைச் செருகிக்கொள்ளலாம். டோக்கன் வசதியை வேர்ட்பிரஸ் 2006இலேயே கொடுத்துவிட்டது. ஆனால் அதைச் சரிபார்க்கும் வரியைப் பிளகின் எழுதுபவர்தான் ஒவ்வோர் இடத்திலும் மறக்காமல் சேர்க்க வேண்டும். 2020 ஜனவரியில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த 'கோட் ஸ்னிப்பெட்ஸ்' என்ற பிளகினில் ஒரே ஓர் இடத்தில், வெளியிலிருந்து நிரல்களை உள்ளே கொண்டுவரும் பகுதியில், அந்தச் சோதனை விடுபட்டிருந்தது. லாகின் செய்திருந்த நிர்வாகி, அயலான் அனுப்பிய இணைப்பைச் சொடுக்கினால் போதும், அவன் நிரல் தளத்துக்குள் புகுந்துவிடும். முழுத் தளமும் அவன் கையில். கண்டறிந்த சில நாட்களில் திருத்தம் வெளியானது.

2020 பிப்ரவரி முதல் குரோம் பிரௌசரே வேற்றுத்தளக் கோரிக்கைகள் பலவற்றுக்குச் சீட்டைக் காட்டுவதில்லை. ஆனால் நேரடியாகச் சொடுக்கும் இணைப்புக்கு இன்னும் காட்டுகிறது. எனவே அந்த விடுபட்ட வரிகளால் இன்றும் ஆபத்து இருக்கிறது.

நண்பர்களே, நம்மில் சிலர் சங்கத்துக்கோ குடியிருப்போர் நலச் சபைக்கோ இணையதளம் பார்த்துக்கொள்கிறோம். பிளகின்களுக்குத் திருத்தம் வந்தால் அன்றே போட்டுவிடுங்கள், பயன்படாதவற்றை நீக்கிவிடுங்கள். நிர்வாகியாக உள்ளே இருக்கும்போது மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாதீர்கள். வங்கி வேலை முடிந்தால் லாக் அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள். கையெழுத்துப் போட்டு முடித்தவர் பேனாவை மூடிப் பையில் வைப்பதைப் போன்ற பழக்கம்தான் அது.