வக்கீல் ஹூஸ்டன் நடத்திய நீண்ட வழக்கு

அமெரிக்காவின் தென் மாகாணங்களில் ரயில் வண்டி முதல் பள்ளிக்கூடம் வரை கறுப்பின மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த காலத்தில், அந்த அநீதிக்குச் சட்டத்தின் அங்கீகாரத்தை அளித்தது, வசதிகள் சமமாக இருக்கும் பட்சத்தில் இரு சாராரையும் தனித்தனியே வைப்பது குற்றமாகாது என்று 1896-இல் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய பிளெஸ்ஸி வழக்குத் தீர்ப்பாகும். தனித்தனி என்பது அணுவளவும் பிசகாமல் நிறைவேறிற்று. சமம் என்பதோ ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றது.

இதை எதிர்த்த வக்கீல்களுள் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டனுக்கு ஈடானவர் இல்லை என்றே நான் கருதுகிறேன். முதல் உலக யுத்தத்தில் ராணுவ அதிகாரியாகப் பிரான்ஸுக்குச் சென்று, அங்கே சொந்த நாட்டு வெள்ளையராலேயே அவமதிக்கப்பட்டு, உயிரோடு திரும்பினால் சட்டம் பயின்று தம் மக்களுக்காக வாதாடுவதென்று சங்கற்பம் செய்துகொண்ட அவர், ஹார்வர்டில் தேறியபின், 1929 முதல் ஹோவர்டு சர்வகலாசாலையின் சட்டக் கல்லூரியை நிர்வகித்து, துர்குட் மார்ஷல் போன்ற மாணவர்களைப் புடம் போட்டெடுத்தார்.

தெற்குக் கரோலினாவின் கிராமங்களுக்குச் சினிமா காமிராவுடன் சென்று, கறுப்பினக் குழந்தைகள் நெருக்கியடித்துப் பயிலும் மரக் கொட்டகைகளையும், வெள்ளைக் குழந்தைகளுக்கென எழுந்த செங்கற் கட்டடங்களையும் அவர் படம் பிடித்தார். பிரிவினையை நேரே தாக்கினால் அன்றைய நீதிபதிகள் செவிசாய்க்கமாட்டார்கள் என்பதை அறிந்து, சமத்துவத்தை உண்மையாகவே வழங்குமாறு வற்புறுத்தி, அதன் செலவை மாகாணங்களால் தாங்க முடியாதபடி செய்வதே அவருடைய உபாயம். சட்டக் கல்லூரிகளை அவர் முதலில் குறி வைத்ததும் விவேகமே; சட்டக் கல்வியில் எது சமம், எது சமமன்று என்பதை நீதிபதிகளுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை அல்லவா?

லாயிட் கெய்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞருக்குத் தன் சட்டக் கல்லூரியில் இடம் மறுத்த மிஸூரி மாகாணம், அண்டை மாகாணத்தில் போய்ப் படித்தால் கல்விக் கட்டணத்தைத் தருவதாகச் சொல்லித் தட்டிக் கழித்தது. ஹூஸ்டன் வாதாடிய அவ்வழக்கில், தன் எல்லைக்குள்ளேயே சமமான கல்வியை அளிப்பது மாகாணத்தின் கடமை என்று 1938 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வென்ற இளைஞரோ மறு வருஷமே சிகாகோவில் காணாமற்போனார். அவர் கதி என்னவாயிற்று என்பது இன்றளவும் துலங்கவில்லை. அந்தத் துயரத்தை மறந்து இவ்வெற்றியைப் பேசுவது நியாயமாகாது.

ஓயாத உழைப்பால் இருதயம் நலிந்து, 1950 ஏப்ரலில் தம் 54-ஆம் வயதில் ஹூஸ்டன் காலமானார். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று முடிவுசெய்த பிரௌன் வழக்கில் மார்ஷல் வாதாடி வென்றது 1954 மே மாதத்தில். அவ்வழக்கின் சரித்திரத்தைப் படிக்கப் புகுவோர் அந்த வருஷத்திலிருந்து தொடங்காமல், மிஸூரி வழக்கிலிருந்தும் தெற்குக் கரோலினாவின் மரக் கொட்டகைகளிலிருந்தும் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.