ஜமீலா சலிம்பூர்

ஜமீலா சலிம்பூர் (1926 - 2017) ஓர் அமெரிக்க பெல்லி நடனக் கலைஞர், நடன ஆசிரியர். பெல்லி நடனம் அரபு மொழியில் ரக்ஸ் ஷர்க்கி (கீழைத்தேய நடனம்) எனப்படுகிறது. இந்நடனத்தின் அசைவுகளுக்குப் பெயரிட்டு, வகுப்பறையில் கற்பிக்கத்தக்க பாடமுறை ஒன்றை அமெரிக்காவில் உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவராக இவர் அறியப்படுகிறார்.

பயிற்சி

இவர் சிசிலியக் குடும்பமொன்றில் நியூயார்க்கில் பிறந்தார். பதின்ம வயதில் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸில் பணியாற்றினார். இவருக்கு முறையான நடன ஆசிரியர் எவரும் அமையவில்லை. எகிப்தியத் திரைப்படங்களில் தகியா கரியோக்கா, சாமியா கமால் போன்றோர் ஆடியதைப் பார்த்துப் பார்த்தே பழகினார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவின் பிராட்வே தெருவிலிருந்த பாக்தாத் என்னும் இரவு விடுதியில் ஆடினார். அங்கு வந்த பல நாட்டு நடனக் கலைஞர்களின் அசைவுகளையும் உற்றுநோக்கிக் கற்றார்.

கற்பித்தல்

ஈரானிய மேளக் கலைஞரான கணவர் அர்தேஷிர் சலிம்பூர், இவர் பொது மேடையில் ஆடுவதை விரும்பவில்லை. ஆடினால் எலும்பை முறிப்பதாக மிரட்டினார் என்று ஜமீலாவே பின்னாளில் கூறியுள்ளார். மேடையை விட்ட ஜமீலா முழுமூச்சாகக் கற்பிக்கலானார்.

இந்நடனம் அதுவரை பெரும்பாலும் பார்த்துப் பின்பற்றும் முறையிலேயே கற்கப்பட்டு வந்தது. ஓர் அசைவைக் குறிப்பிட அமெரிக்க மாணவர்களிடம் பொதுவான சொல் கூட இல்லை. ஜமீலா அசைவுகளைத் தனித்தனியாகப் பிரித்து, வகைப்படுத்தி, பெயர் சூட்டினார். சில பெயர்கள் நாடுகளையும், சில அவ்வசைவை ஆடிய கலைஞர்களையும் குறிப்பவை. எடுத்துக்காட்டாக, இடுப்பு மேலிருந்து பக்கவாட்டில் வெளிப்புறமாகச் சரிந்து இறங்கும் அசைவு "மாயா" எனப்படுகிறது. இப்பெயர்களுட் பல இன்றும் வகுப்புகளில் வழங்குகின்றன. எனினும் இவை அமெரிக்க வழக்கே. எகிப்தியக் கலைச்சொற்கள் எனக் கொள்ளுதல் தவறாகும். விரல்களில் மாட்டி ஒலிக்கப்படும் சிறு தாளங்களை ஆடிக்கொண்டே இசைப்பதும் இவரது பாடத்தில் அடங்கும். அத்தாளங்களுக்கென ஒரு கையேட்டையும் எழுதினார்.

பால் அனாத்

கலிபோர்னியாவில் நடந்த மறுமலர்ச்சிக்கால விழாவில் ஆடிவந்த தம் மாணவர்களைக் கொண்டு 1968 இல் பால் அனாத் என்னும் குழுவை அமைத்தார். வாளைத் தலையில் நிறுத்தி ஆடுதல், முகமூடி நடனம், பானை நடனம் எனச் சர்க்கஸ் போலவே பலவகை நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து இடம்பெற்றன. இவற்றை எந்த ஒரு நாட்டின் மரபு நடனமாகவும் கருத இயலாது. வட ஆப்பிரிக்க, மத்திய கிழக்குக் கூறுகளோடு ஜமீலாவின் கற்பனையும் கலந்த படைப்புகள் அவை.

இவரது மாணவி மாஷா ஆர்ச்சர். அவரிடம் பயின்ற கரோலினா நெரிச்சியோ 1987 இல் ஃபேட்சான்ஸ் பெல்லிடான்ஸ் குழுவைத் தொடங்கினார். அக்குழுவிலிருந்து பரவிய பாணி நெடுங்காலம் அமெரிக்கப் பழங்குடிப் பாணி எனப்பட்டது. "பழங்குடி" என்னும் சொல் குறித்த எதிர்ப்புகளையடுத்து 2020 இல் நெரிச்சியோ அப்பெயரைக் கைவிட்டார்.

ஜமீலாவின் மகள் சுகைலா சலிம்பூரும் நடனக் கலைஞர், ஆசிரியர். பால் அனாத் குழுவின் பொறுப்பைப் பின்னர் அவர் ஏற்றார்.