சிசிஏஐ பிறந்த கதை

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பின் அடியில் தங்கும் கரிய, கெட்டியான எச்சத்தை முதலில் கப்பல் கொதிகலன்களில்தான் எரித்தார்கள். டீசல் இன்ஜினுக்கும் அது ஆகும் என்று 1946-இல் ‘ஆரிகுலா’ என்ற எண்ணெய்க் கப்பலில் ஜான் லாம்ப் என்ற பொறியாளர் காட்டினார். சூடாக்கி, பியூரிஃபையரில் சுற்றித் தண்ணீரையும் அழுக்கையும் பிரித்தால் போதும். விலையும் மலிவு.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நிலைமை மாறியது. சுத்திகரிப்பு ஆலைகள் எச்சத்தையும் உடைத்துப் பெட்ரோலும் டீசலும் பிழியத் தொடங்கின. மிஞ்சியதில் அரோமாட்டிக் சேர்மங்கள் மிகுந்தன. இவை சிலிண்டருக்குள் பீய்ச்சியவுடன் பற்றுவதில்லை. அந்தச் சிறு தாமதத்தில் எண்ணெய் தேங்கி, பிறகு மொத்தமாக எரிந்து, பிஸ்டன் வளையங்களையும் பேரிங்குகளையும் பதம்பார்த்தது.

டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்று சொல்ல சீட்டேன் எண் உண்டு. அதை அளக்கும் சோதனை இன்ஜின் இந்தக் கரிய எண்ணெய்க்கு ஒத்துவரவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஷெல் ஆய்வாளர்கள், எப்படியும் அளக்கப்படும் இரண்டை வைத்தே கணக்குப் போட்டார்கள்: அடர்த்தி, பாகுத்தன்மை. பாகுத்தன்மை ஒன்றாக இருந்தால், அடர்த்தி கூடிய எண்ணெயில்தான் அரோமாட்டிக் அதிகம். இந்தக் கணக்கில் வரும் எண்ணே சிசிஏஐ. எண் ஏற ஏற, பற்றுவது தாமதமாகும்.

சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் வியப்புதான். அடர்த்தி 991, பாகுத்தன்மை 380 என்றால் விடை சுமார் 852. அதே அடர்த்தியில் பாகுத்தன்மை 30 ஆனால் 886! நீர்த்த எண்ணெய் நன்றாக எரியும் என்ற நம்பிக்கையை இந்தக் கணக்கு உடைத்துவிட்டது. ஐஎஸ்ஓ 8217 தரத்தின் 2010 பதிப்பு, பெரிய கப்பல்கள் வாங்கும் வழக்கமான ரகங்களுக்கு 870 என்று வரம்பு கட்டியது.

ஆனால் இந்த எண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு: எண்ணெயின் நிலைப்புத்தன்மை. பற்றுவதைத் தாமதமாக்கும் அதே அரோமாட்டிக்தான் அஸ்ஃபால்டீன் துகள்களைப் படியவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. பாரஃபின் மிகுந்த எண்ணெயை அரோமாட்டிக் மிகுந்த எண்ணெயுடன் கலந்தால் பிடி தளர்ந்து, அஸ்ஃபால்டீன் சகதியாக இறங்கிப் பியூரிஃபையரையும் ஃபில்டரையும் அடைத்துவிடும். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றானதும், பாரஃபின் மிகுந்த கலவைகள் பெருகின. அவற்றின் சிசிஏஐ பெரும்பாலும் அழகாகவே இருக்கும். வண்டல் சோதனை முடிவு 0.10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதையும் கப்பலின் தலைமைப் பொறியாளர் தனியே பார்த்தாக வேண்டும். பழைய எண்ணெய் கிடக்கும் தொட்டியில் புதியதை ஏற்றாமல் இருப்பதும் அவர் பொறுப்பே.