நிகண்டும் ஆங்கிலச் சொற்பட்டியலும்: காஞ்சிபுரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வின் அண்மைக்கால வினாத்தாளில் முதல் மூன்று வினாக்கள் ஒருபொருட் சொல்லையும் அடுத்த மூன்று எதிர்ச்சொல்லையும் கேட்கின்றன. காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீட்டிலிருந்து வந்து தமிழ்வழியில் பயிலும் மாணவர், பாடத்தின் சொற்பட்டியலை மனனம் செய்து இவற்றுக்கு விடையளித்துவிடுகிறார். அதே சொல்லை அமைத்துத் தொடரொன்று எழுதச் சொன்னால் தயங்குகிறார். இதனை மாணவரின் குறையாகவோ ஆசிரியரின் குறையாகவோ கொள்வது வழக்கம். சொல் கற்பிப்பதில் தமிழுக்கு இருந்த நெடிய மரபின் ஒரு கூறு மட்டுமே ஆங்கில வகுப்பறைக்குள் நுழைந்தது, பிற கூறுகள் வாசலிலேயே நின்றுவிட்டன என்பது இக்கட்டுரையின் கருத்து.

நான்கு கருவிகளும் அவை இருந்த இடங்களும்

பொருள் விளக்கம், ஒருபொருட் சொல், எதிர்ச்சொல், எடுத்துக்காட்டுத் தொடர் ஆகிய நான்கையும் இன்றைய பயிற்சி நூல்கள் ஒரே பக்கத்தில் தருகின்றன. தமிழ் மரபில் இவை வெவ்வேறு நூல்வகைகளில் வளர்ந்தவை.

பொருள் விளக்கத்திற்குரிய நெறியைத் தொல்காப்பிய உரியியல் வகுத்தது. யாவரும் அறிந்த சொல்லுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்திப் பொருள் உணர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்ச்சொற்களுக்கு நிகண்டுகளில் தனித் தொகுதி இல்லை. சொல்லாலும் பொருளாலும் முரண்படுவனவற்றை இணைத்துக் காணும் பயிற்சியை யாப்பிலக்கணத்தின் முரண்தொடை அளித்தது. எடுத்துக்காட்டு உரையாசிரியர்களின் கைவரிசை. காஞ்சிபுரத்தவர் என்று மரபு கூறும் பரிமேலழகர் உள்ளிட்ட உரையாசிரியர்கள், ஒரு சொல் எங்கே, எதனோடு சேர்ந்து ஆளப்படுகிறது என்பதைப் பிற நூல் ஆட்சிகளைக் காட்டி நிறுவினர்.

ஒருபொருட் சொற்களின் இடம் நிகண்டு. திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளுள் முதற் பத்தும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் முதலிய பொருள்வகைகளின்படி பெயர்களைத் திரட்டுகின்றன. பதினோராவது ஒருசொல் பல்பொருளையும், பன்னிரண்டாவது தொகைப் பெயர்களையும் கூறுகின்றன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு திண்ணைப் பள்ளிகளில் மனனம் செய்யப்பட்டது. இவ்வகை நூல்களின் பயன் முதன்மையாகச் செய்யுளைச் சார்ந்தது. எதுகைக்கும் சீருக்கும் ஏற்ப ஒரு சொல்லை நீக்கி இன்னொன்றை வைக்கக் கவிஞனுக்குச் சொல்வளம் வேண்டும். ஒன்றற்கு ஒன்று மாற்றாக நிற்பதே அங்கே சொற்களின் சிறப்பு.

உரைநடை வழக்கில் அவ்வாறு நிற்பதில்லை. உறு, தவ, நனி மூன்றும் மிகுதிப் பொருளன என்கிறது உரியியல். ஆயினும் உறுதுணை என்போம், தவத்துணை என்னோம். இவ்வேறுபாட்டை நிகண்டு காட்டாது, எடுத்துக்காட்டே காட்டும். ஆங்கிலத்தில் ‘பிக்’, ‘லார்ஜ்’ இரண்டுக்கும் ‘பெரிய’ என்று எழுதிப் படித்த மாணவர், ‘மிஸ்டேக்’ என்பதற்குமுன் ‘லார்ஜ்’ வைப்பதும் இதே பிழைதான்.

நிகண்டிலிருந்து அகராதிக்கு

வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடையது. அகர வரிசை இதில் மேலோங்கினும் பொருளகராதியும் தொகையகராதியும் நிகண்டின் உள்ளடக்கத்தைக் கொண்டே அமைந்தன. ஃபப்ரிசியஸ் வேப்பேரியிலிருந்து 1779இல் தமிழ்-ஆங்கில அகராதியையும், 1786இல் பிரைட்ஹாப்ட்டுடன் ஆங்கில-தமிழ் அகராதியையும் வெளியிட்டார். (அன்றைய ஐரோப்பியர் வழக்கில் தமிழுக்கு ‘மலபார்’ என்பது பெயர்.) 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. தமிழ் கற்க வந்த அயலாரின் தேவையே இம்முயற்சிகளுக்கு முதற்காரணம். ஆங்கிலம் கற்ற தமிழ் மாணவர் அவற்றின் பயனைப் பின்னரே துய்த்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் தமிழ் மாணவரை நோக்கிய பெருமுயற்சி. எனினும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் நிகரன்களை அடுக்கும் முறையில் அது நிகண்டுக்கே நெருங்கிய உறவு.

எடுத்துக்காட்டின் மீள்வருகை

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்க மாணவர் ஆங்கிலம் படிக்கும் நிலையை ஆராய்ந்தவர். அவர் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் 1935இல் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொல்லையும் தொடரையும் 1,490 எளிய சொற்களுக்குள் நின்று விளக்கியது. பயிலாததைப் பயின்றதோடு சார்த்தும் உரியியல் நெறி இங்கே எண்ணிக்கையோடு நடைமுறை கண்டது எனலாம். அவர் தொல்காப்பியம் அறிந்திருந்தார் என்பது இதன் பொருளன்று. டோக்கியோவில் ஹார்ன்பி 1942இல் உருவாக்கி, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாக வெளியிட்ட அகராதி, வினைச்சொல்லின் தொடரமைப்பை எடுத்துக்காட்டுகளால் கற்பித்தது. தமிழுக்கு இம்முறையை முழுமையாகக் கொணர்ந்தது 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அது எடுத்துக்காட்டுத் தொடர்களோடு ஆங்கிலப் பொருளும் தருவதால், ஆங்கிலம் பயில்வோருக்கும் எதிர்த்திசையில் உதவுகிறது. வகுப்பறைகளில் இது போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பது என் கருத்து.

காஞ்சியின் தறிச்சொற்கள்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த சி. என். அண்ணாதுரை அவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியில் படித்தவர். அவரது ஆங்கிலப் புலமைக்குச் சான்றாக ஊர் இன்றும் சொல்வது, ‘பிகாஸ்’ என்னும் சொல்லை மும்முறை அடுத்தடுத்து அமைத்து அவர் ஒரு தொடர் கூறினார் என்பது. அந்நிகழ்ச்சிக்கு எழுத்துச் சான்று வலுவாக இல்லை. எனினும் மக்கள் நினைவு புலமையின் அடையாளமாக ஒரு சொற்பட்டியலைத் தேர்ந்துகொள்ளவில்லை, ஒரு தொடரையே தேர்ந்தது என்பது கருதத்தக்கது.

இவ்வூர் மாணவருக்கு வீட்டிலேயே ஓர் அகராதி இருக்கிறது. பாவு, ஊடை என்பவற்றை ஆங்கிலத்தில் ‘வார்ப்’, ‘வெஃப்ட்’ என்பர். இவை எதிர்ச்சொற்களா? ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவன. ஆயினும் ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை. இரண்டும் சேர்ந்தாலன்றித் துணி இல்லை. எதிர்ச்சொல் எல்லாம் ஒரே வகையின அல்ல என்பதைக் கற்பிக்க இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. ‘வார்ப்’ வினையாக வரும்போது மரப்பலகை கோணுதலையும், மனம் திரிதலையும் குறிக்கும். அது ஒருசொல் பல்பொருள். நாடாவைக் குறிக்கும் ‘ஷட்டில்’, தறியில் அது இங்கும் அங்கும் ஓடுவதனால், இரு நிலையங்களுக்கிடையே போய்வரும் வண்டிக்கும் பெயராயிற்று. நாடா ஓடுவதைக் கண்ட பிள்ளைக்கு இப்பொருள் நீட்சியை விளக்க ஒரு தொடர் போதும்.

கோர்வைக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக, மூன்று நாடாக்கள் கொண்டு, இருவர் அமர்ந்து நெய்து இணைக்கும் முறை அது. இங்கு ஒருபொருட் சொல்லும் எதிர்ச்சொல்லும் உதவா. தெரிந்த எளிய சொற்களால் மாணவரே ஒரு விளக்கம் எழுத வேண்டும். தேர்வு கேட்காத அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்ட மாணவரிடம், சேலையின் ஒரு கரையை மட்டும் காட்டி, அது எப்படி நெய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பார்க்கலாம்.