துவக்குச் சத்தமும் காகிதமும்: ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலை மன்னார்க் கரையிலிருந்து கேட்டல்

எம்.ஐ.ஏ. என்னும் மாயா அருட்பிரகாசத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2007 ஓகஸ்டில் ‘கலா’ இசைத்தொகுப்பில் வெளிவந்தது. அதன் பல்லவியில் வெடிக்கும் துவக்குச் சத்தத்தைச் சுற்றியே இதுவரை பெரும்பாலான விவாதங்கள் நடந்துள்ளன. அவை பாட்டின் மையப் பொருளைத் தவறவிட்டன என்பது என் வாதம். இது காகிதத்தைப் பற்றிய பாட்டு. விசாவைத் தானே தயாரித்துக்கொள்ளும் ஒருத்தியின் குரலில் அது தொடங்குகிறது. இலங்கையின் மன்னார்க் கரையில், குறிப்பாக மன்னார் நகரின் உப்புக்குளத்தில், நின்று கேட்டால் அந்தப் பொருள் தெளிவாகக் காதில் விழும்.

பாட்டு உருவான விதமே இதற்கு முதற்சான்று. 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, 1986இல் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர் மாயா. 2006இல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டதால் ‘கலா’வின் பதிவு சென்னை, டிரினிடாட், லைபீரியா, ஜமேக்கா, அவுஸ்திரேலியா என்று ஊர் ஊராக நடந்தது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்குத் தயாரிப்பாளர்கள் டிப்லோவும் சுவிட்சும் எடுத்தாண்ட கிற்றார் இசை, ‘த கிளாஷ்’ குழு 1982இல் ‘கொம்பட் ரொக்’ தொகுப்பில் வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாடலுக்குரியது. உருக்காலைகள் மூடப்பட்ட ஆங்கில ஊர்களில் ஒதுக்கப்பட்ட குடியேறிகளையும், அமெரிக்கச் சிப்பாய்க்கு வியட்நாமில் பிறந்து தகப்பனின் நாட்டுக்குள் போக முடியாத பிள்ளையையும் பாடிய பாட்டு அது. ஆகவே அந்த இசையை வெறும் அலங்காரமாகக் கொள்ள முடியாது. வாசலில் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிய பழைய ரொக் பாட்டு ஒன்றின் மேல், கால் நூற்றாண்டுக்குப் பின், வாசலில் நிறுத்தப்பட்ட இன்னொருத்தி தன் சொற்களை வைக்கிறாள். பல்லவியைச் சேர்ந்து பாடியவர்கள் பிரிக்ஸ்டன் பிள்ளைகள்; அதுவும் குடியேறிகளின் பகுதிதான்.

வரவேற்பு வேறு திசையில் போனது. லெட்டர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் எம்.டி.வி.யிலும் வெடிச் சத்தம் மாற்றப்பட்டது. ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்றபின் 2008இல் பில்போர்ட் பட்டியலின் 4ஆம் இடம்வரை பாட்டு ஏறியது. ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்திலும் அது ஒலித்தது. இலங்கைப் பூர்வீகமுள்ள ராப் பாடகர் டிலோன், மாயா பயங்கரவாதத்தை ஆதரிப்பதாகக் குற்றஞ்சாட்டி எதிர்ப்பாட்டு வெளியிட்டார். தடுத்தவர்கள், ஆடியவர்கள், கண்டித்தவர்கள் எல்லோருமே துவக்கைத்தான் கேட்டார்கள்.

அதே மாதங்களில் மன்னாரில் உண்மையான துவக்குகள் வெடித்துக்கொண்டிருந்தன. தொகுப்பு வெளிவந்த சில வாரங்களில், விடுதலைப் புலிகளிடமிருந்த சிலாவத்துறை இலங்கை இராணுவத்திடம் வீழ்ந்தது. 2008 ஜூலையில் விடத்தல்தீவு வீழ்ந்தது. அங்கிருந்து வன்னிக்குள் தள்ளப்பட்ட சனத்தில் பலர் 2009இல் செட்டிகுளம் முட்கம்பி முகாம்களுக்குள் அடைபட்டார்கள். அந்த வாசல்களில் ஆளுக்கு முன் அடையாள அட்டையே பார்க்கப்பட்டது.

இக்கரையில் காகிதத்தின் அதிகாரம் இந்தப் போருக்கு மிகவும் முந்தியது. தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார் வழியாக மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நடந்த தொழிலாளர்களில் கணக்கற்றோர் வழியிலேயே மாண்டனர். பிழைத்துத் தோட்டம் சேர்ந்தவர்களின் கடனை ‘துண்டு’ என்ற சீட்டு சுமந்தது: கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுப்பது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களின் கழுத்தில் அடையாளத் தகரத்துண்டு தொங்கியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களின் பேரப்பிள்ளைகளை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர்கள் தலைமன்னார்க் கப்பலில் ஏறித் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருகாலம் இலங்கைக்குக் கூலியாட்களைச் சோதித்து அனுப்பிய அதே முகாம் 1980களில் ஈழ அகதிகளைப் பதிவுசெய்தது.

ஆனால் இதைத் தமிழரின் துயரமாக மட்டும் எழுதிவிட உப்புக்குளம் இடம் தராது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். உப்புக்குளத்து முஸ்லிம்களும் அவர்களில் அடக்கம். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் புத்தளம் மாவட்டத்துக் கல்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தமிழ் பேசும் மக்களைத் தமிழ்த் துவக்கே துரத்தியது. புலம்பெயர் தமிழரின் பெருமிதமாக மட்டும் ‘பேப்பர் பிளேன்ஸை’க் கொண்டாடுகிற வாசிப்பு இவ்விடத்தில் நொறுங்குகிறது, நொறுங்கவும் வேண்டும். பாட்டைப் புலிகளின் குரல் என்று தள்ளுகிற வாசிப்பும் இம்மக்களுக்கு உதவாது, ஏனெனில் அதுவும் துவக்கோடு நின்றுவிடுகிறது. போருக்குப் பின் மன்னாருக்குத் திரும்பி வந்த முஸ்லிம்கள் எதிர்கொண்டவை காணி உறுதி, பெர்மிட், புத்தளத்திலா மன்னாரிலா என்ற வாக்காளர் பதிவு. பாட்டில் வருகிறவளைப்போல இவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ள எவருக்கும் வழியில்லை. அவளுடைய துணிச்சலின் எல்லையை இந்த இடம் காட்டுகிறது. அவள் அஞ்சும் பொருள் எதுவென்று இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும் என்பதும் அதே அளவு உண்மை.